வலது கால்தான்

ஈ மறுபடியும் இடது ஷூவிலேயே வந்து உட்கார்ந்தது. பக்கத்திலேயே வலது ஷூவும் இருக்கிறது, அதே துணி, அதே அழுக்கு, மகன் போட்டுக் கழித்த ஜோடி. ஆனால் இந்தச் சனியனுக்கு இடதுதான் வேண்டியிருக்கிறது. பக்கிரிசாமி காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். இழுத்துவிட்டோமா என்று குனிந்து பார்த்தார். கொஞ்ச காலமாக இப்படி ஒரு பழக்கம், கால் நகர்ந்ததா என்று கண்ணால் ஒரு தடவை பார்த்துக்கொள்வது, செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்க்கிற மாதிரி. வயசானால் எல்லாரும் பார்ப்பதுதான். ஈ எழுந்து ஒரு வட்டம் போட்டுவிட்டுப் பெஞ்சுக்கு அடியில் போயிற்று. பக்கத்தில் சந்திரா வயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அவள் மூக்குக்கு ஏதாவது தெரிந்திருக்குமோ. தெரியாது, பினாயில் நெடியும் மருந்து நெடியும் இத்தனை பேர் வேர்வையும் இருக்கிற இடத்தில் யார் காலில் என்ன நாறுகிறது என்று எவன் பிரித்துச் சொல்வான். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் கால் பார்க்கிற நாள் இன்று, பெரிய ஆஸ்பத்திரியில். பெஞ்சு நிறையக் கால்கள். வீங்கின கால், கறுத்த கால், துணி சுற்றின கால். அவர் மட்டும்தான் ஷூ. எதுக்குங்க ஷூ, செருப்பு போதாதா என்று காலையில் சந்திரா கேட்டாள். காத்து அடிக்குது என்று சொல்லிவிட்டார். வைகாசி மாதத்தில் என்ன காற்று. அவள் மேலே கேட்கவில்லை. அவள் எப்போதுமே மேலே கேட்பதில்லை, அதுதான் அவளிடம் பயப்பட வேண்டியது.

வந்தது வலது காலுக்காக. டாக்டரிடம் சொல்லப்போவதும் வலது காலைத்தான். எரிச்சல், குத்தல், மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி. போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்பார்கள். தேரிலிருந்து என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு அவருக்கு யோசனை வேண்டாம், பாட்டு மாதிரி வரும். சித்திரைத் தேர், மேலவீதி முனை, உச்சி வெயில். அவர் முட்டுக்கட்டைக்காரர். இடது பக்கச் சக்கரம் அவர் அப்பா பார்த்தது, அப்பாவுக்குப் பிறகு அவர். தேரைத் திருப்ப வேண்டிய முனையில், நிறுத்தின சக்கரத்துக்கு முன்னால் குனிந்து கட்டையைப் போட்டு, காலால் ஒரு உந்து உந்தி, சாய்மானம் சரியாக உட்கார்ந்ததும் காலை இழுத்துக்கொண்டு தலையாட்ட வேண்டும். தலையாட்டினால்தான் முன்னால் நிற்கிறவன் உயர்த்திப் பிடித்த துண்டை இறக்குவான். துண்டு இறங்கினால்தான் வடம் பிடிக்கிற ஜனம் இழுக்கும். இவ்வளவுதான் சங்கதி, இதில் ஒன்று தப்பினாலும் ஒருத்தன் கால் போகும். அந்த வருஷம் துண்டு பிடித்தவன் கலியமூர்த்தி. சந்திராவின் தம்பி, கூடப்பிறந்தவன். அவர் தலையாட்டவில்லை. துண்டு இறங்கிவிட்டது. தேர் ஏறினதும் கட்டை வழுக்கித் திரும்பி வலது கணுக்காலில் அறைந்தது. இதில் என்ன இருக்கிறது சந்தேகப்பட. ஆனால் அவன் கோயில் மண்டபத்தில் இத்தனை பேருக்கு நடுவில் நின்று சொன்னான், அத்தான் காலை இழுத்துட்டேன்னு தலையாட்டினாரு, காலு அங்கேயேதான் இருந்துச்சு, நான் அவரு தலையைப் பார்த்தேன், காலைப் பார்க்கலை என்று. தலையாட்டினாராம். கால் அங்கேயே இருந்ததாம். செய்ததையும் செய்துவிட்டு, அடிபட்டவனைப் பைத்தியக்காரனாக்குகிற பேச்சு. தன் கால் எங்கே இருக்கிறதென்று ஒருத்தனுக்குத் தெரியாதா. அன்றைக்கு அந்த மண்டபத்திலேயே கேட்டார், எல்லாரையும் பார்த்துக் கேட்டார், ஏன்டா, என் காலு எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியாதா? யார் சொல்ல முடியும்.

எதிர்ச் சுவரில் ஒரு கால் படம். தோலை உரித்துவிட்ட மாதிரி, உள்ளே சிவப்பாகக் குழாய்களும் மஞ்சளாக நூல்களும் போயின. கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டினார். நரம்பு. அடுத்தது ரத்தக்குழாய். அதற்கடுத்தது நீளமான வார்த்தை, பாதியில் விட்டுவிட்டார். தேர் என்றோ கட்டை என்றோ எங்கும் எழுதியிருக்கவில்லை. இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பருத்த மனிதர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவராம், யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். நாலு எட்டு நடந்தால் ஆடுதசை கல்லாகப் பிடித்துக்கொள்கிறதாம், நின்றால் விட்டுவிடுகிறதாம், ரத்தக்குழாய் அடைப்பு என்று போன தடவை சொன்னார்களாம். “வேலையில இருந்த வரைக்கும் நான் விசிலடிச்சு வண்டிய நிறுத்துனேன். இப்ப காலு விசிலடிச்சு என்னய நிறுத்துது” என்றார். பெஞ்சு சிரித்தது. அந்தப் பக்கம் மஞ்சள் புடவைக்காரிக்கு இடுப்பிலிருந்து இறங்குகிற வலி. சர்க்கரை சர்க்கரை என்று கிடந்து கடைசியில் முதுகெலும்பில் தட்டு விலகியிருந்ததாம். அவளோடு வந்தவளுக்குக் கொழுப்பு மாத்திரை போட்டதிலிருந்து தொடையெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருந்ததாம், மாத்திரையை மாற்றியதும் போய்விட்டதாம். சர்க்கரை வந்தவனுக்கு எல்லா வலியும் சர்க்கரை என்று நினைக்கக் கூடாது, டாக்டரம்மாவே சொல்லுச்சு என்றாள். பக்கிரிசாமிக்கு அந்தப் பேச்சு இனித்தது. அப்படிச் சொல்லு. எல்லாம் சர்க்கரை இல்லை. ஒருத்தருக்கு மாத்திரை, ஒருத்தருக்கு முதுகு, ஒருத்தருக்கு மச்சினன். கண்டக்டர் அவர் பக்கம் திரும்பி உங்களுக்கு எப்படிண்ணே என்றார். “அடி. தேர்ல பட்டது” என்றார் பக்கிரிசாமி. எந்தக் காலு என்றார். வலது என்றார். மற்றது எரியலையா, நமக்கெல்லாம் ரெண்டும் சேர்ந்தே எரியுமே, சாக்ஸ் போட்ட மாதிரி விரல்லேருந்து மேலே ஏறுமே என்றார் கண்டக்டர். “இல்ல. வலது கால்தான்.” சந்திரா சுவரை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் சுவருக்குப் போய்விட்டாள்.

எதற்குப் பார்த்தாள். ஈ இப்போது எங்கே. குனிந்து பார்த்தால் அவளும் பார்ப்பாள். கால் கட்டைவிரலை உள்ளே மடக்கப் பார்த்தார், மடங்கியதா என்று தெரியவில்லை, ஷூவுக்குள் இருப்பதை எப்படிப் பார்ப்பது. போன வாரமோ அதற்கு முந்தியோ கூடத்துச் சிமெண்டுத் தரையில் சிவப்பாகத் தடம். யாரோ ஆரத்திக்கு ஆலம் கரைத்த தண்ணீரை மிதித்துவிட்டு வீடெல்லாம் நடந்திருக்கிறார்கள் என்று எரிச்சலாக வந்தது, யாரென்று பிடித்துத் திட்ட வேண்டும் என்று தடத்தின் பின்னாலேயே போனார். கொல்லைக் கதவிலிருந்து அடுப்படி வாசல், அடுப்படி வாசலிலிருந்து தண்ணீர்ப் பானை, பானையிலிருந்து திரும்பி அவருடைய நாற்காலி. நாற்காலிக்கு முன்னால் தடம் முடிந்துவிட்டது. வேறு யாரும் இல்லை. உட்கார்ந்து இடது காலைத் தூக்கிப் பார்த்தால் செருப்போடு சேர்ந்து ஒரு குட்டை ஆணி. மோட்டார் கொட்டகையிலிருந்து அவ்வளவு தூரம் அதன் மேலேயே நடந்து வந்திருக்கிறார். பிடுங்கியபோதும் ஒன்றும் தெரியவில்லை, வேறு யார் காலிலிருந்தோ பிடுங்குகிற மாதிரி இருந்தது. அதுதான் பயமாக இருந்தது, ரத்தம் இல்லை. துண்டால் தரையைத் துடைத்தார். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்து வைத்துக் கட்டினார். ஆறிவிடும் என்று பார்த்தார். ஆறவில்லை. முந்தாநாள் கட்டைப் பிரித்தபோது ஓரமெல்லாம் வெளுத்து, நடுவில் கறுப்பு. சொல்லியிருக்கலாம். சந்திராவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் இடது காலுக்கு அவரிடம் வழக்கு இல்லை. இடது கால் இந்தக் கதையில் எங்குமே வராத கால். அது நன்றாக இருந்தால்தான் வலது கால் கெட்டதற்கு ஒருத்தன் காரணம் ஆக முடியும்.

ஒரு சக்கர நாற்காலி போயிற்று. அதில் இருந்தவனுக்குச் சின்ன வயசு, லுங்கியின் ஒரு பக்கம் தட்டையாக மடிந்து கிடந்தது. கண்டக்டர் பேச்சை நிறுத்திவிட்டார். ஆணிக் காயந்தான் என்று மஞ்சள் புடவைக்காரி மெதுவாகச் சொன்னாள், அவளுக்கு எப்படித் தெரியும், யாரையோ சொல்கிறாள், இவனைத்தான் சொல்கிறாள், ஆணிதான், பார்க்காமல் விட்டது, அதற்கு மேலே பக்கிரிசாமி காதை அடைத்துக்கொண்டார். கையால் இல்லை, உள்ளே. வெட்டிவிடுவார்கள். முழங்காலுக்குக் கீழேயா மேலேயா. ஷூவைக் கழற்றச் சொன்னால் வலதை மட்டும் கழற்ற வேண்டும். இதோ இந்தக் கால்தான் டாக்டர் என்று முன்னால் நீட்டிவிட வேண்டும். மற்றதைக் கேட்கமாட்டார்கள், கூட்டம் இவ்வளவு இருக்கிறதே, எவருக்கு நேரம். கேட்காமல் விட்டுவிட்டால். கேட்காமல் விட்டுவிட்டால் அது பாட்டுக்கு அந்த ஷூவுக்குள் கறுத்துக்கொண்டே போகும். தண்ணி என்றார். சந்திரா கூடையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து கொடுத்தாள். அவள் விரல்களில் தைலத்தின் மஞ்சள் கறை. சோப்புப் போட்டாலும் போவதில்லை. அன்றாடம் பொழுது சாய்ந்ததும் அவர் கட்டிலில் வலது காலை நீட்டுவார், அவள் கீழே உட்கார்ந்து தைலம் தேய்ப்பாள். தேருக்கு அப்புறம் தொடங்கியது, ஒருநாள் விட்டதில்லை. உன் தம்பி செஞ்சதுக்கு நீ தேய் என்று அவர் வாயால் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வேட்டிக்குள் இடது காலும் அதே மாதிரி எரிந்துகொண்டிருக்கும், அதே மிளகாய், அதே குத்தல். அதை அவர் ஒருநாளும் நீட்டினதில்லை. இரண்டையும் நீட்டினால் அவள் இரண்டையும் பார்ப்பாள், பார்த்தால் யோசிப்பாள். அப்புறம் இந்தத் தைப்பொங்கல் சமயத்தில் இடதில் எரிச்சல் தானாகவே குறைந்தது. குறைந்து, நின்றும்போயிற்று. அப்பாடா, அதாவது ஒழிந்தது, இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று சந்தோஷமாகக்கூட இருந்தார். எரிச்சல் போன கால்தான் ஆணியை மிதித்தது.

அடிபட்டு ஒரு மாதம் படுத்திருந்தது உண்மை. வைத்தியர் பச்சிலையும் முட்டையும் வைத்துக் கட்டினார், அப்புறம் எழுந்து நடந்தார். நடந்தாரா. நடந்தார். அந்த ஐப்பசியில் நடவுக்குச் சேற்றில் இறங்கினார். மறு வருஷம் கொள்ளிடம் வரைக்கும் சைக்கிள் மிதித்தார். எரிச்சல் எப்போது வந்தது. அதற்கப்புறம். எவ்வளவு அப்புறம். இந்த இடத்தில் எப்போதும் வேறு பக்கம் திரும்பிவிடுவார், வண்டிமாடு பள்ளத்தைப் பார்த்து ஒதுங்குகிற மாதிரி. வேறு என்ன. சுகந்தி கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் அவர் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அழைக்கவில்லை. கேட்டவர்களிடம் வேட்டியைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார், பார்த்துக்குங்க, இதுக்குக் காரணமானவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது என்று. எல்லாரும் பார்த்தார்கள், எல்லாரும் தலையை அசைத்துக்கொண்டார்கள். மாமன் முறைக்கு வேறு யாரையோ நிறுத்திச் சடங்கை முடித்தார்கள். மண்டபத்துக்கு எதிர்க்கடையில் கலியமூர்த்தி மாலையைப் பையில் வைத்துக்கொண்டு தாலி கட்டுகிற நேரம் வரைக்கும் நின்றான், யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று நின்றான் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நிற்கட்டும் என்றார். சந்திரா அன்றைக்கு அழவில்லை. பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றின மோர் இலையைத் தாண்டி ஓடிற்று, அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது.

திரைக்கு அந்தப் பக்கம் மஞ்சள் புடவைக்காரி போயிருந்தாள். நர்ஸ் குரல் கேட்டது, கண்ணை மூடிக்கங்க, தொடும்போது சொல்லுங்க. தெரியுது, என்றாள் மஞ்சள் புடவைக்காரி. கொஞ்சம் கழித்துத் தெரியுது. மறுபடி கொஞ்சம் கழித்துத் தெரியுது. பக்கிரிசாமி காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டார். சிரமம் ஒன்றும் இல்லை, மூச்சு விட்டு மூச்சு இழுக்கிற நேரம் ஒரு தெரியுது. மேளக்காரன் பின்னால் தாளம் போடுகிற மாதிரி. வலது காலைத் தொடுவார்கள், கண்ணை மூடிக்கொண்டு இப்படியே சொல்லிக்கொண்டு போனால் முடிந்தது. தெரியுது. தெரியுது. உதட்டுக்குள் ஒத்திகை பார்த்தார். சந்திரா பார்க்கிறாளோ. அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

எழுந்தார். எழுந்ததும் தரை மெத்தையாக இருந்தது, அது எப்போதும் அப்படித்தான், பஞ்சு மேல் நடக்கிற மாதிரி. சந்திரா முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். உதறிவிடலாமா என்று நினைத்து, விட்டுவிட்டார். திரைக்குள் நீளமான மேஜை, ஏறிப் படுக்கச் சொன்னார்கள். எந்தக் காலுங்கய்யா என்றாள் நர்ஸ். வலது என்று முந்திக்கொண்டு சொன்னார், அவரே ஷூவைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றினார், கணுக்காலில் இருந்த வடுவைக் காட்டினார், தேர்க்கட்டை அறைஞ்சதும்மா என்றார். டாக்டர் பக்கத்து மேஜையில் எதையோ முடித்துக்கொண்டிருந்தார், இளம் பெண், தலையைத் தூக்கி வடுவைப் பார்த்துவிட்டு, எலும்பு நல்லாத்தான் கூடியிருக்கு என்றார். பக்கிரிசாமிக்கு அது பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கச் சொன்னாள் நர்ஸ். மூடினார். இருட்டில் கால் எங்கோ தூரத்தில் இருந்தது. மூச்சு விட்டார், இழுத்தார். “தெரியுது” என்றார். விட்டார், இழுத்தார். “தெரியுது.”

“நான் இன்னும் தொடவே இல்லீங்களேய்யா” என்றாள் நர்ஸ்.

திரைத்துணி காற்றில் உரசுகிற சத்தம். சந்திரா கால்மாட்டில்தான் நிற்கிறாள், அவள் மூச்சு கேட்கிறது. கண்ணைத் திறக்கக் கூடாது என்று இறுக்கிக்கொண்டார். நர்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை, எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, பயம் என்றாள். சரி, இப்ப வேற ஒண்ணு பார்ப்போம், கட்டைவிரலைப் பிடிச்சு மேலேயோ கீழேயோ மடக்குவேன், எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. இதில் என்ன இருக்கிறது. அவருடைய விரல், அவருடைய கால். கீழே என்றார். ம், என்றாள் நர்ஸ். மேலே என்றார். மறுபடியும் கீழே என்றார், சொல்லும்போதே குரல் தேய்ந்துவிட்டது, ஏனென்றால் உள்ளே ஒன்றும் இல்லை, மேலும் இல்லை, கீழும் இல்லை, விரல் இருக்கிற இடத்தில் ஓர் இருட்டு மட்டும் இருக்கிறது. கண்ணைத் திறந்தார். விரல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. நர்ஸ் அதை அப்படியேதான் பிடித்திருந்தாள், முதலில் இருந்தே அப்படியேதான் பிடித்திருந்தாளோ என்னவோ. அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தார் உருகிற்று. எங்கே. மேலவீதி. சித்திரை வெயிலில் தார் உருகிற்று, வடம் பிடித்தவர்கள் சுடுது சுடுது என்று காலை மாற்றி மாற்றி வைத்தார்கள், வீட்டுக்காரர்கள் குடம் குடமாக ரோட்டில் தண்ணீர் கொட்டினார்கள். எனக்கு வேணாம்டா, சாமி வேலை செய்யறவனுக்குச் சுடாது என்று அவர் வெறுங்காலோடு தாரில் நின்று சிரித்தார். எல்லாரும் பார்த்தார்கள். பெருமையாக இருந்தது. அந்த வருஷமே சுடவில்லை. அதற்கு முந்தின வருஷமும் அவ்வளவாகச் சுடவில்லை. கட்டையைப் போட்டார். காலால் உந்தினார். காலை இழுத்துக்கொண்டார். இழுத்துக்கொண்டதாக. கண் சக்கரத்தின் மேல் இருந்தது, காலின் மேல் இல்லை, முட்டுக்கட்டைக்காரன் எவன் காலைப் பார்ப்பான். இழுத்துக்கொண்டோம் என்றுதான். தலை. தலையை.

டாக்டர் அருகே வந்து நின்றார். சர்க்கரை எத்தனை காலமா இருக்குன்னு தெரியுமா என்று கேட்டார், நிறையப் பேருக்கு அது இருக்கிறதே பல வருஷம் தெரியாமல் போகும், அதற்குள் நரம்பைத் தின்றிருக்கும் என்றார். அடிபட்ட கால் மட்டும் எரிந்தால் அடியைச் சொல்லலாம், ரெண்டும் சேர்ந்து எரிஞ்சா அது அடி இல்லை. பிறகு சாதாரணமாக, தண்ணீர் குடிக்கிறீங்களா என்று கேட்கிற மாதிரி, “இன்னொரு காலு எப்படிய்யா இருக்கு?” என்றார்.

ஈ எப்படியோ திரைக்குள்ளும் வந்துவிட்டது. மேஜையின் ஓரத்தில் தொங்கிய இடது ஷூவின் மேல் உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டது. பக்கிரிசாமி அதை விரட்டவில்லை. நல்லா இருக்கு என்று சொன்னால் போதும். ஒரே வார்த்தை. சொன்னால் எழுந்து போகலாம், இன்றைக்கும் பொழுது சாயும், வலது காலை நீட்டலாம், சந்திரா தேய்ப்பாள், கலியமூர்த்தி கலியமூர்த்தியாகவே இருப்பான். தலை நிமிர்ந்து இருக்கலாம். காலை அந்தப் புண் தின்றுகொண்டே போகும். அவர் சந்திராவைப் பார்த்தார். அவள் இடது ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக. பெஞ்சில் இருந்ததிலிருந்தா. காலையிலிருந்தா.

எழுந்து உட்கார்ந்து அவரே குனிந்தார். முடிச்சு அவிழ நேரமாயிற்று. ஷூ வந்தது. சாக்ஸ் வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் இருங்கய்யா இருங்கய்யா என்று தண்ணீர் விட்டு நனைத்து மெல்ல உரித்தாள். நெடி திரைக்குள் நிறைந்தது. டாக்டர் உட்கார்ந்து வெளிச்சத்தைத் திருப்பிப் பார்த்தார், பிறகு இன்றைக்கே வார்டில் படுக்கை போடச் சொன்னார். கால் நிற்குமா என்று பக்கிரிசாமி கேட்டார். பார்க்கலாம், இப்பவாவது காட்டினீங்களே என்றார் டாக்டர். இதும் எரியுமா என்று சந்திராதான் கேட்டாள். டாக்டரை இல்லை, அவரைக் கேட்டாள்.

“எரிஞ்சுச்சு” என்றார். “ரெண்டும்தான்.”

அவள் நின்றாள். கூடையின் கைப்பிடியைப் பிடித்திருந்த மஞ்சள் கறை விரல்கள் வெளுத்தன. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார், கத்தினால் தேவலை, பந்தியில் மோர் ஓடின மாதிரி இப்போதும் எதுவோ ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த அவருக்கு ஒரு கட்டை வேண்டும், எங்கே போடுவது என்று தெரியவில்லை.

“சந்திரா” என்றார். “நான் தலையாட்டியிருப்பேன்.”

அவள் தரையில் கிடந்த இரண்டு ஷூக்களையும் எடுத்து, ஒன்றை ஒன்றோடு சேர்த்து, மேஜைக்கு அடியில் தள்ளினாள். கூடையில் கைவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு திரையை விலக்கி வெளியே போனாள். அந்த எண் அவளுக்குப் பார்க்காமலே தெரிந்திருந்தது போலும். வெளியே பெஞ்சுப் பேச்சுக்கு நடுவில் அவள் குரல் கேட்டது, தம்பி என்று. அவ்வளவுதான் கேட்டது. பக்கிரிசாமி மேஜையில் உட்கார்ந்தபடி தன் இரண்டு கால்களையும் பார்த்தார். அவை அங்கேதான் இருந்தன. பார்வையை எடுக்கப் பயமாக இருந்தது.